‘கரைச்சல்’ என்ற சொல்லை நான் சின்னதாக்கிய நாள்

புதிதாக மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். எந்தச் சொற்கள் கஷ்டம்? சிறுநீரகத்தின் உள்பாகங்கள், மருந்துப் பெயர்கள், சட்டப் பிரிவுகள் என்று நான் ஒரு பட்டியல் தருவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். அவையெல்லாம் அகராதியில் இருக்கின்றன. முந்தைய நாள் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். எனக்குக் கஷ்டம் கொடுத்தவை, ‘கஷ்டம்’ என்பதையே சொல்லும் சொற்கள்தான். சங்கடம், சிக்கல், தொல்லை, இக்கட்டு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இருக்கும் கூட்டம் அதைவிடப் பெரிது.

நான் திருச்சியில் பதினான்கு வருஷம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். மெல்பர்னுக்கு வந்து மல்கிரேவில் வீடு வாங்கி, பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகு, 2009இல் தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தேன். அப்போது வயது ஐம்பத்தொன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அது மூன்றாவது வாரத்திலேயே போய்விட்டது.

டண்டினொங் பக்கம் ஒரு மருத்துவமனை. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவருக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. ரத்த அழுத்தக்காரர். இளம் மருத்துவர் உள்ளே வந்து, கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே, “நாம் கொஞ்சம் பிக்கிளில் இருக்கிறோம்” என்றார். ஏதோ பரிசோதனை முடிவு வரவில்லை, அதனால் சிகிச்சை தள்ளிப்போகும் என்பது அவர் சொல்ல வந்தது. பிக்கிள் என்றால் மாட்டிக்கொண்ட நிலைமை என்று எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பதற்றத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

“டாக்டர் ஏதோ ஊறுகாய்ப் பிரச்சினைன்னு சொல்றாரு” என்றேன்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. “ஆர் சொன்னது? மனிசி சொல்லிப்போட்டாளோ?” என்று மனைவி மேல் சந்தேகப்பட்டுக் கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஓம், ரெண்டு தரம் சாப்பிட்டனான். தேசிக்காய் ஊறுகாய். ஒரு சின்னத் துண்டு” என்றார்.

அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். மருத்துவர் என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான் விளக்கிய பிறகு மூவரும் சிரித்தோம். என் சிரிப்பில் மட்டும் சத்தம் வரவில்லை.

வெளியே வந்து காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கழுத்தில் என்னைப் போலவே அடையாள அட்டை தொங்க, ஒரு பெண் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். போலிஷ் மொழிபெயர்ப்பாளர். ஏறத்தாழ என் வயதுதான், ஆனால் இந்த வேலையில் அப்போதே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். “முதல் மாதமா?” என்று கேட்டார். முகத்தில் எழுதியிருந்தது போலும். யாருடைய விஷயம் என்று சொல்லாமல், சொல்லை மட்டும் சொன்னேன். அவர் பின்னல் ஊசியை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இனித் தோழி என்றே எழுதுகிறேன். நாங்கள் பேசியதெல்லாம் இரண்டு விதமான உச்சரிப்பில் ஆங்கிலம். உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

“இங்கிலீஷ்காரங்களுக்குக் கஷ்டம் வந்தா நேரா சமையலறைக்குப் போயிடுவாங்க. பிக்கிள், ஜாம், சூப், ஸ்டூ, ஹாட் வாட்டர். நாங்க மட்டும் என்ன? எங்களுக்கு ஒரு காரியம் கெட்டுப்போச்சுன்னா ‘பிகோஸ்’ பண்ணிட்டோம்னு சொல்வோம். அது முட்டைக்கோசும் இறைச்சியும் போட்டு நாள் கணக்கா கொதிக்கிற குழம்பு. ‘க்ளொப்ஸ்’னா இறைச்சி உருண்டை. தோல்வின்னும் அர்த்தம். ‘பாஷ்டெட்’னா ரொட்டியில தடவுற ஈரல் விழுது. தர்மசங்கடமான நிலைமைக்கும் அதுதான்.”

அவர் சொன்னது வேறு ஏதோ சொல். தர்மசங்கடம் என்பது நான் போடுவது. அந்தச் சொல்லை அன்றே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நியாயத்தை மிதிக்க வேண்டியிருக்கும் நிலைமை என்று விளக்கினேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப்பார்த்தார். “எங்க நாட்டுல அந்த நிலைமை தாராளமா இருந்தது. அதுக்கு இப்படி ஒரு தனிச்சொல் இல்லையே” என்றார்.

அதிலிருந்து எங்கே சந்தித்தாலும் எங்களுக்கு இதே விளையாட்டு. ரயிலில், மருத்துவமனை உணவகத்தில், நீதிமன்றப் படியில். நான் சிக்கல், நெருக்கடி, இக்கட்டு என்று சொல்லச் சொல்ல, “உங்க ஆளுங்களுக்குக் கஷ்டம்னா கயிறும் முடிச்சும்தான்” என்பார். அவர் ‘தாராபாத்தி’ என்பார். சிக்கலில் மாட்டுவதுதான், ஆனால் ஏதோ மத்தளம் அடிப்பது போலக் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது ‘குவூப்யோ மி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்கு முட்டாள்தனமாக இருக்கிறது’. ஒருவர் முன்னால் கூசி நிற்கும்போது சொல்வது. மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள் என்று தோழி சொல்வார். நாங்கள் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது.

இலங்கைத் தமிழர்களின் சொற்களை நான் கற்றுக்கொண்டதும் இந்த வருஷங்களில்தான். என் வேலையில் பாதிக்கு மேல் அவர்களோடு. அந்தரமாக் கிடக்கு என்றால் மனம் ஒரு நிலையில் இல்லை. அலுவல் என்றால் வேலை. கரைச்சல் என்றால் தொல்லை. பஸ் வராவிட்டால் கரைச்சல், பிள்ளை சாப்பிடாவிட்டால் கரைச்சல், வங்கியில் படிவம் நிரப்பச் சொன்னால் கரைச்சல். நாளுக்கு நாலு தரம் கேட்கும் சொல். தெரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைத்து மனதில் மூடி வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதைத்தான்: நன்றாகத் தெரிந்த சொல்லில்தான் நமக்குக் கவனம் குறைகிறது.

2011இல் ஒரு காலை. நகரத்தில் ஒரு அலுவலகம். இலங்கையிலிருந்து படகில் வந்து புகலிடம் கேட்டிருந்த ஒருவருக்கு நேர்காணல். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது முப்பத்தைந்து இருக்கும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. மரியாதையானவர், அவசரப்படுத்தாதவர். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சு மிகவும் சிக்கனம். ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

“அவங்கள் கடைக்கு வந்து கரைச்சல் தந்தவங்கள்” என்றார்.

நான் ‘பாதர்’ (bother) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். கடைக்கு வந்து தொந்தரவு கொடுத்தார்கள். “அதற்குப் பிறகு?” என்றார் அதிகாரி.

“பிறகு வீட்டையும் வந்து கரைச்சல் குடுத்தவங்கள். மனிசிக்கும் கரைச்சல்.”

மறுபடியும் பாதர். இப்படி நான்கு தரம். அதிகாரி எழுதிக்கொண்டே போனார். மதிய இடைவேளைக்கு முன், தான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்க்க, சுருக்கமாகத் திருப்பிச் சொன்னார்: “ஆக, அவர்கள் அவ்வப்போது வந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தார்கள். ஆனாலும் நீங்கள் கடையைத் தொடர்ந்து நடத்தினீர்கள். சரியா?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். பாதர் என்ற இடத்தில், இயல்பாகவே, கரைச்சல் என்று சொன்னேன்.

“ஓம்” என்றார் அவர்.

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அசைவைப் பார்த்ததும்தான் நான் செய்திருந்தது எனக்கு உறைத்தது. கரைச்சல் என்று அவர் தந்ததை நான் பாதர் ஆக்கி அதிகாரியிடம் கொடுத்தேன். அதிகாரி பாதர் என்று தந்ததைக் கரைச்சல் ஆக்கி அவரிடம் கொடுத்தேன். இருவருக்கும் அவரவர் சொல் சரியாகவே கேட்டது. நடுவில் ஏதாவது தொலைந்திருந்தால் அது தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். பஸ் வராததற்குச் சொல்லும் அதே சொல்லை ஒரு மனிதர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் படகில் ஏறுவதற்கும் சொல்வாரா? சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலேயே நான்கு தரமும் இருப்பதிலேயே சின்னச் சொல்லை எடுத்துப் போட்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் இடைவேளை. வெளியே மின்தூக்கிக்குப் பக்கத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். “அன்ரி, தேத்தண்ணி குடிச்சியளோ?” என்று கேட்டார்.

எனக்கிருந்த ஆசை உங்களுக்குப் புரியும். ‘தம்பி, கரைச்சல்னு சொன்னீங்களே, என்ன பண்ணாங்க?’ என்று ஒரு கேள்வி. அரை நிமிஷ வேலை. ஆனால் அதிகாரி இல்லாத இடத்தில் நான் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அதன் பிறகு அவர் சொல்வது அவர் சொல்லாக இருக்காது, நான் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அவரைத்தான் அது பாதிக்கும்.

“மன்னிச்சுக்குங்க. இடைவேளையில நாம பேசக்கூடாது” என்றேன்.

“ஓம், ஓம். எனக்குச் சொன்னவை” என்று, அந்த விதி தனக்கும் தெரியும் என்பது போல, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

தோழிக்கு அன்று இரண்டு தெரு தள்ளி நீதிமன்றத்தில் வேலை. பூங்காவில் சந்தித்துச் சாப்பிடுவதாக ஏற்கெனவே பேசியிருந்தோம். போனேன். இட்லிப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆளைப் பற்றி, இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டேன்: “ஒரு மொழியில ஒரே சொல் கொசுக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் பொருந்தும்னா, நீங்க என்ன செய்வீங்க?”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். வழக்கமான விளையாட்டு இல்லை என்று புரிந்துகொண்டார்.

“எங்க சொல் ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில்ல” என்றார். “நியெப்ஷியெம்னொஷ்சி. சொல்லுக்குச் சொல் பார்த்தா ‘இனிமையற்ற விஷயங்கள்’. விருந்துல ரெண்டு பேர் சண்டை போட்டாலும் அதுதான். ஆனா அந்தக் காலத்துல எங்க ஊர்ல ஒருத்தர் தனக்கு அது நேர்ந்ததுன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னா, அவரை ரகசியப் போலீஸ் அழைச்சுட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். எங்கே, எத்தனை நாள்னு யாரும் கேட்க மாட்டோம்.”

எண்பதுகளின் தொடக்கத்தில் தோழியே அகதியாகத்தான் இங்கே வந்தவர். வந்த மறுவருஷமே மொழிபெயர்க்க ஆரம்பித்துவிட்டார். வயது இருபத்தாறு. அப்போது போலந்திலிருந்து வந்த ஒரு அச்சுத் தொழிலாளிக்கு நேர்காணல். அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். தோழி ‘எனக்குச் சில இனிமையற்ற விஷயங்கள் நடந்தன’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“வாயிலிருந்து வந்த நிமிஷமே தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா சும்மா இருந்துட்டேன். புது வேலை. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா மறுபடி கூப்பிட மாட்டாங்கன்னு பயம். அந்த மனுஷருக்கு இங்க தங்கறதுக்கான காகிதம் வர ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அவர் மனைவியும் மகளும் அங்கேயே. அந்தப் பொண்ணு அப்பா இல்லாமத்தான் பள்ளிக்கூடம் சேர்ந்தா. என் சொல்லாலதான் தாமதமா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பிறகு அவரை தேவாலயத்துல ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார். அதுதான் தாங்கல.”

பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உனக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு” என்றார். இன்னது செய் என்று சொல்லவில்லை.

திரும்பி நடக்கும்போது வாக்கியத்தைத் தயாரித்தேன். என் வேலையில் நான் மிகக் கவனமாகத் தயாரித்த வாக்கியம் அதுதான். ‘அவர் கொடுமையைச் சொல்கிறார்’ என்று நான் சொன்னால் அது அவருக்காக வாதாடுவது. அது என் வேலை இல்லை, அதோடு அது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாவிட்டால் என் பிழை அவர் கோப்பில் அவருடைய வாக்குமூலமாக உட்கார்ந்துவிடும். நான் சொல்லக்கூடியது எனக்குத் தெரிந்ததை மட்டும்.

ஒலிப்பதிவு மறுபடி தொடங்கியதும் கையை லேசாக உயர்த்தினேன். “மொழிபெயர்ப்பாளர் தன் பிழை ஒன்றைத் திருத்த விரும்புகிறார். காலையில் நான் ‘பாதர்’ என்று சொன்ன சொல், தமிழில் சின்ன எரிச்சலிலிருந்து மிகக் கடுமையான துன்புறுத்தல் வரைக்கும் எதற்கும் பயன்படும். அதில் மிகச் சிறியதை நான் காரணம் இல்லாமல் தேர்ந்தெடுத்துவிட்டேன். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.”

அதிகாரி பேனாவை வைத்தார். “எத்தனை இடத்தில்?”

“நான்கு.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. காலை முழுவதும் எழுதிய பக்கங்களைப் புரட்டினார். தாள் சத்தம் மட்டும் கேட்டது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்தவள், இப்போது உட்கார்ந்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

“சரி. நன்றி” என்றார் அதிகாரி.

அறையில் பேசியது எல்லாவற்றையும் புகலிடம் கேட்டவருக்கும் தமிழில் சொல்ல வேண்டும். நான் பேசியதையும்தான். அவர் பக்கம் திரும்பினேன். “காலையில நீங்க கரைச்சல்னு சொன்னதை நான் இங்கிலீஷ்ல ரொம்பச் சின்னதாச் சொல்லிட்டேன். அது என் தப்பு. அதைத்தான் இப்ப இவங்ககிட்ட சொன்னேன்.”

அதுவரை அறைக்குள் மேசையையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: “கரைச்சல் என்றால் என்ன? அவர்கள் என்ன செய்தார்கள்?”

மௌனத்தையும் நாம் அப்படியே விட வேண்டும், நிரப்பக் கூடாது. கடைசியில் அவர், “கதவை ஒருக்காத் திறந்து விடலாமோ?” என்று கேட்டார். அதிகாரியே எழுந்துபோய்த் திறந்துவைத்தார். அதன் பிறகு அவர் பேசினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த அறைக்கு உரியது. கரைச்சல் என்ற சொல்லை அதன் பிறகு அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த மூன்று வாரம் அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. இனி அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நான்காவது வாரம் வழக்கம்போல் அழைத்தார்கள். இடையில் ஏன் அழைக்கவில்லை என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

நேர்காணலின் முடிவு நமக்குத் தெரியவராது. கதையின் நடுப்பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை இது. ஆனால் 2013இல் ஒரு சனிக்கிழமை டண்டினொங் சந்தையில் மீன் வாங்க நின்றபோது, பின்னாலிருந்து, “அன்ரி, என்னைத் தெரியுதோ?” என்று குரல் கேட்டது. நாம் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களை வெளியே பார்த்தால் நாமாக முகம் காட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களாக வந்து பேசினால் பேசலாம்.

அந்தச் சைக்கிள் கடைக்காரர்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தார். விசா வந்துவிட்டதாம். கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. “மனிசியும் பிள்ளையளும் வாறதுக்கு அலுவல் நடக்குது” என்றார். சந்தோஷமாக இருந்தது. அன்றைய என் பிழைக்காக மறுபடி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் போலத் தோன்றியது.

“அன்னிக்கு நான் உங்க வார்த்தையைச் சின்னதாக்கிட்டேன். அது மனசுல இருந்துக்கிட்டே இருக்கு” என்றேன்.

“இல்லை அன்ரி. சின்னனாச் சொன்னது நான்தான்” என்றார். “அண்டைக்கு ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். ஆர் கேட்டாலும் கரைச்சல் எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவன். மனிசிக்கும் அப்பிடித்தான் சொன்னனான். நீங்கள் ‘என்ர பிழை’ எண்டு சொன்னீங்கள் எல்லே? கேள்வி கேக்கிற இடங்களில இருந்த ஒருத்தரும் எனக்கு முன்னால அப்பிடிச் சொன்னதில்லை. அதுக்குப் பிறகுதான் கதைக்கலாம்போல இருந்தது.”

மீன்காரர் இரண்டு தரம் கூப்பிட்டபின்தான் என் முறை வந்தது தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது, “சரி அன்ரி, போட்டு வாறன்” என்று கையைக் காட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அடுத்த வாரம் தோழி வீட்டுக்குப் போனேன். கசகசா வைத்துச் சுருட்டிய கேக் செய்திருந்தார். யார், எங்கே என்று ஒன்றும் இல்லாமல், ஒருவர் தன் பெரிய துன்பத்தைத் தானே சின்னச் சொல்லில் மூடி வைத்திருந்தார் என்பதையும், ஒரு பிழையை ஒப்புக்கொண்டது அவரைப் பேசவைத்தது என்பதையும் மட்டும் சொன்னேன்.

தோழி கண்ணாடியைக் கழற்றி மேசை விரிப்பின் நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“அப்ப என் அச்சுத் தொழிலாளியும் அவராவே மூடித்தான் வச்சிருந்திருப்பார்” என்றார்.

“இருக்கலாம்” என்றேன்.

“இருந்தாலும் என் தப்பை நான் சொல்லியிருக்கணும்” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், என் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தார்.